ஆற்றில் போட்ட பொன்

நம் வீடுகளில் கடவுளுக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டு. பையன் நல்ல மார்க் வாங்கினால் அது அம்மா வழித் தாத்தாவின் மூளை. வாங்கிப் போட்ட மனை விலை ஏறினால் அது அப்பாவின் முன்யோசனை. அதே மனையில் வில்லங்கம் கிளம்பினால் மட்டும் ‘எல்லாம் அவன் செயல்’. வரவு நம் பேரில், நஷ்டம் அவர் பேரில். ‘பாரத்தை அவன் மேல் போட்டுவிட்டேன், இனி எனக்கென்ன கவலை’ என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் உலாத்திக்கொண்டிருப்பார். அலுத்துப்போனவன் வாயை மூடிக்கொள்கிறான். அதைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொள்வதுதான் நம்பிக்கை என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம். என் கட்சி நேர் எதிர். எல்லாம் ஆண்டவன் கையில் இருக்கிறது என்று நிஜமாகவே நம்புகிறவன் சும்மா இருக்க மாட்டான். சண்டைக்குப் போவான், கணக்குக் கேட்பான்.

முதல் சாட்சி சுந்தரர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்துக்குக் காவிய நாயகரே இவர்தான். வாழ்க்கை தலைகீழாவது என்றால் என்ன என்று இவரிடம்தான் கேட்க வேண்டும். மணப்பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது முன்பின் தெரியாத ஒரு கிழவர் வந்து, ‘உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இது, நீ எனக்கு அடிமை’ என்கிறார். மாப்பிள்ளை அவரைப் பித்தன் என்று வைது, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது! கையில் நகலை நீட்டிவிட்டு அசலை வெளியில் எடுக்காமல் வைத்திருக்கும் இந்தச் சாமர்த்தியத்தைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களிடம்தான் பார்க்கலாம். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது, பாட்டனின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், தீர்ப்பு கிழவருக்குச் சாதகம். கல்யாணம் நின்றது நின்றதுதான். கிழவர் சிவபெருமான்தான் என்பது தெரிந்தபிறகு பாடு என்று உத்தரவு வருகிறது. எதைச் சொல்லிப் பாடுவது? வைத வசவையே முதல் சொல்லாக வைத்துக்கொள் என்கிறார், வழக்கில் ஜெயித்தவர். ஏழாம் திருமுறை பிறந்த கதை இது. வன்தொண்டர் என்று பட்டமும் கிடைத்தது. வாயாடித் தொண்டர் என்று நாம் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது பொன் விவகாரம். திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைக்கிறது. அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்பது உத்தரவு. நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 90 கிலோமீட்டர். நடுவில் கொள்ளிடமும் காவிரியும் குறுக்கே ஓடுகின்றன. எந்தப் பூகோளத்துக்கும் ஒத்துவராத இந்த ஏற்பாட்டுக்குச் சுந்தரர் சம்மதிக்கிறார். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒரு பொன்னில் சிறு துண்டு வெட்டி மாதிரிக்குக் கையில் வைத்துக்கொள்கிறார். இதுதான் கவனிக்க வேண்டிய இடம். நம்பாதவன் பொன்னை ஆற்றில் போட்டிருக்கவே மாட்டான். நம்பினவன் துண்டு வெட்டி வைத்துக்கொள்கிறான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி இவருக்காகவே வந்ததுபோல் இருக்கிறது. திருவாரூரில் மனைவி பரவையார் கரையில் நிற்க, குளத்தில் துழாவினால் பொன் உடனே வரவில்லை. பாடுகிறார், வருகிறது. மாதிரித் துண்டோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. மறுபடி பாடுகிறார், மாற்று சரியாகிறது. சர்வேசுவரன் நேரில் கொடுத்த சரக்கை உரைகல்லில் உரைத்துப் பார்த்தவரைச் சைவ உலகம் கோபிக்கவில்லை, நாயனாராக்கிக் கும்பிடுகிறது.

சுந்தரர் ஆண்டவனுக்குத் தோழர், அவர் பேசலாம், அரிசிக்கும் ஆட்டோவுக்கும் அல்லாடுகிற நாம் அப்படிப் பேசினால் எடுபடுமா என்று கேட்பார்கள். தோழர் என்பதால் சலுகை ஒன்றும் கிடைத்துவிடவில்லை. இரண்டாவதாகச் சங்கிலியாரை மணக்கத் திருவொற்றியூரில் ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று சத்தியம் செய்யவேண்டி வந்தபோது, ‘நான் சன்னதியில் சத்தியம் செய்கிற நேரம் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்’ என்று இவர் ரகசிய ஏற்பாடு செய்தார். ஆண்டவனும் சரி என்றார். சரி என்ற கையோடு சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று. வெண்பாக்கத்தில் முறையிட்டதற்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. ஒரு கண் காஞ்சியில் வந்தது, மறு கண் திருவாரூரில். வழி நெடுகப் புலம்பலும் வழக்காடலும்தான். (அந்த வெண்பாக்கம் கோயிலே பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக இடம் மாற வேண்டியதாயிற்று. நிலம் கையகப்படுத்துவதில் அதிகாரிகள் யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை.) சாதாரண ஜனங்களும் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. ‘உனக்குக் கண்ணில்லையா?’ என்று மாரியம்மனைத் திட்டுகிறவள், கண் இருக்கிறது என்று நம்புவதால்தான் திட்டுகிறாள். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, நந்தியைக் கழுத்தளவு நீரில் நிறுத்தி மழைக்கு வேண்டச் சொன்னது அரசின் அறநிலையத் துறை. அந்தத் தண்ணீருக்கு யாரிடம் முறையிட்டார்களோ!

இன்னொரு ஆட்சேபம் சிரித்துத் தள்ளக்கூடியதல்ல: எல்லாம் அவன் கையில் என்றால் அப்பாவிகளின் சாவும் அவன் கையிலா? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில், வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள், கோயில் தப்பியது. கோயில் தப்பியதை அற்புதம் என்று சொல்லிவிட்டு மாண்டவர்களைப் பற்றிப் பேச்சை மாற்றுவது எனக்கு நம்பிக்கையாகப் படவில்லை. கடவுளுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று பொய்க்கணக்கு எழுதுகிறோம். பைபிளில் யோபுவின் கதை இந்த வக்கீல்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் உடம்பையும் இழந்தவனிடம் மூன்று சிநேகிதர்கள் வந்து, நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய், கடவுள் கணக்கில் பிசகு வராது என்று அத்தியாயம் அத்தியாயமாக விளக்குகிறார்கள். யோபுவோ பிறந்த நாளையே சபித்து, கடவுளை நேருக்கு நேர் வாதாட அழைக்கிறான். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த மூவர் மேல்தான். யோபு சரியாகப் பேசினான் என்கிறார். யோபுவுக்கும் சில இடங்களில் காது வலிக்கத் திட்டு விழுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்குக் கதை முடிந்தும் அவனுக்கு விளக்கம் தரப்படவில்லை. வழக்காட ஆள் இருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. அது போதுமா என்றால், சிலருக்குப் போதாது. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அரைகுறை விளக்கத்தோடு துக்க வீட்டுக்கு வந்து உட்கார்கிறவரோடுதான் சண்டை.

சுந்தரரை அழைத்துப்போகக் கயிலையிலிருந்து வெள்ளை யானை வந்தது. அழைப்பு அவருக்கு மட்டும். சிநேகிதர் சேரமான் பெருமாள் விடுவாரா? குதிரை ஏறி, அதன் காதில் ஐந்தெழுத்தை ஓதி, தானும் போய்ச் சேர்ந்தார். வாசலில் நிறுத்திவிட்டார்கள், சுந்தரர் சிபாரிசு செய்துதான் உள்ளே விட்டார்கள். அழைக்காமல் ஏன் வந்தாய் என்று பெருமான் கேட்க, வந்ததற்கு விளக்கம் சொன்ன கையோடு, உம் மேல் உலா ஒன்று பாடி வைத்திருக்கிறேன், கேட்டே ஆக வேண்டும் என்றார் சேரமான். பெருமானும் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.