மழையில் நனையும் தூதர்

பரிமாற்ற மாணவர் என்பவரும் ஒரு தூதர்தான். சம்பளம் கிடையாது, கொடி பறக்கும் கார் கிடையாது, தூதரகம் என்று சொல்லிக்கொள்ள அடுத்தவர் வீட்டில் ஒரு சின்ன அறை. மற்றபடி பொறுப்பில் குறைவில்லை. பதினாறு பதினேழு வயதில் ஒரு பெட்டியோடு விமானம் ஏறி, முன்பின் தெரியாத குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து, அவர்களை அம்மா, அப்பா என்று கூப்பிடத் தொடங்குவார். ரோட்டரி வழியாக வந்தவர் என்றால் ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று குடும்பம் மாற வேண்டியிருக்கும். கோட்டு முழுக்கப் பல நாட்டுப் பின்களைக் குத்திக்கொண்டு அவர் நடந்தால், ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். கார் ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, போதைப்பொருள் கூடாது, காதல் கூடாது என்று நான்கு கட்டளைகள் வேறு. இந்த நான்கையும் கழித்துவிட்டால் அந்த வயதுக்கு மிஞ்சுவது பொழுதுபோக்குப் பூங்காதான்.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்றான ஏ.எஃப்.எஸ். அமைப்பைத் தொடங்கியவர்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். 1915இல் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தொண்டர்கள். இரண்டு உலகப் போர்களையும் பார்த்துச் சலித்த பிறகு, 1947இல் அந்த அமைப்பு பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. ஒருவர் வீட்டு உப்பை இன்னொருவர் தின்றால் நாளைக்குச் சண்டைக்கு வரமாட்டார் என்ற நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் அதன் பாரம் முழுவதும் ஒரு பதினேழு வயதுப் பையனின் வயிற்றில் வந்து இறங்குகிறது. ரோலர் கோஸ்டரை விட்டு இறங்கி, "எனக்குத் தலை சுற்றுகிறது" என்று அவன் சொல்லிவிட்டால் உலக சமாதானம் என்னாவது?

ஆகவே பரிமாற்ற மாணவர் எதற்கும் தலையாட்டுவார். புறப்படும் முன் நடக்கும் பயிற்சி வகுப்பில் அவருக்கு ஒரு மந்திரமும் சொல்லித் தந்திருப்பார்கள்: நல்லதுமில்லை, கெட்டதுமில்லை, வேறுமாதிரி, அவ்வளவுதான். கண்ணோடு வறுத்த மீன் தட்டில் வந்தாலும் சரி, குளித்த தொட்டித் தண்ணீரில் குடும்பமே வரிசையாக இறங்கினாலும் சரி, மந்திரத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு தலையாட்டிவிட வேண்டியது.

ஜப்பானில் இந்த வகையைப் பார்ப்பதற்குச் சிறந்த பருவம் ஜூன் மாதம். ஆகஸ்டில் வந்த மாணவர்கள் ஜூலையில் ஊர் திரும்புவார்கள். அதற்குள் பையனுக்கு டிஸ்னிலாந்தைக் காட்டிவிட வேண்டும் என்று கடைசிக் குடும்பம் துடிக்கும். டோக்கியோ வட்டாரத்தில் ட்சுயு என்கிற மழைக்காலம் கூடாரம் போட்டு உட்காருவதும் அதே ஜூனில்தான்.

நாம் பார்க்கப்போகிறவர் ஹெல்சிங்கியிலிருந்து வந்த பையன். ஆறடி இரண்டு அங்குலம். அவன் ஊரிலேயே லின்னன்மாக்கி என்றொரு பூங்கா உண்டு. அங்கே 1951 முதல் ஓடும் மரத்தாலான ரோலர் கோஸ்டர் ஊருக்கே பெருமை. பெட்டியோடு ஓர் ஆள் நின்றுகொண்டு பிரேக் பிடித்து ஓட்டும் பழைய காலத்துச் சங்கதி. இவன் அதில் இன்றுவரை ஏறியதில்லை. ஊஞ்சலில் ஆடினாலே வயிற்றைப் புரட்டும். அந்த ரகசியம் ஜப்பானில் ஒருவருக்கும் தெரியாது. டோக்கியோ டிஸ்னிலாந்துக்கு முதல் அம்மா இலையுதிர் காலத்திலும் இரண்டாவது அம்மா வசந்தத்திலும் கூட்டிப்போனார்கள் என்ற ரகசியம் மூன்றாவது அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வாசலில் அவன் வாயைப் பிளப்பான். போகப்போக வாய் நன்றாகவே பிளக்கிறது.

முந்தின நாள் இரவு வீட்டுச் சின்னப்பெண் வெள்ளைத் துணியில் பஞ்சை அடைத்து, கழுத்தில் நூல் கட்டி, கண் வாய் வரைந்து, ஜன்னலில் தொங்கவிட்டாள். தெரு தெரு போஸு என்ற பொம்மை அது. மறுநாள் வெயில் வர வேண்டும் என்பதற்காக ஜப்பானியக் குழந்தைகள் செய்வது. வெயிலைக் கொண்டுவராவிட்டால் தலையை வெட்டிவிடுவோம் என்று அதை மிரட்டும் பாட்டுகூட உண்டு. அந்த வீட்டில் பையனுடைய நிலைமை புரிந்த ஒரே ஜீவன் அந்தப் பொம்மைதான்.

காலையில் மழைக்கு வாய்ப்பு 80 சதவீதம் என்றது வானிலை அறிக்கை. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சு. பாட்டிக்கு முழங்கால் வலி. அம்மாவுக்கோ ஈரத்துணி நினைப்பு. ஆனாலும், "பாவம், பிள்ளை ஆசையா இருக்கான்" என்று அவர்கள் கிளம்பினார்கள். "பாவம், எனக்காக டிக்கெட் எல்லாம் வாங்கிவிட்டார்களே" என்று பையன் கிளம்பினான். ஐந்து பேரில் போக விரும்பியவள் சின்னப்பெண் ஒருத்திதான். அவளை யாரும் கேட்கவில்லை.

டோக்கியோ டிஸ்னிலாந்து என்று பெயரே தவிர, அது இருப்பது பக்கத்துச் சிபா மாநிலத்து உரயாசுவில். அமெரிக்காவுக்கு வெளியே கட்டப்பட்ட முதல் டிஸ்னி பூங்கா, 1983 ஏப்ரல் 15இல் திறந்தது. கட்டியவர்களுக்கு ஜப்பான் மழையைப் பற்றித் தெரிந்திருக்கிறது. நுழைந்ததும் வரும் கடைத்தெருவுக்கு மேலே முழுசாகக் கண்ணாடிக் கூரை போட்டுவிட்டார்கள். அந்தக் கூரை முடிகிற இடத்தில்தான் பரிமாற்ற மாணவரின் சோதனை தொடங்குகிறது.

முதலில் மழைப் போஞ்சோ. கடையில் இருந்த மிகப் பெரிய அளவையே அம்மா வாங்கித் தந்தார். அதைப் போட்டதும், எட்டு முழ வேட்டி கட்ட வேண்டிய இடத்தில் ஈரிழைத் துண்டைச் சுற்றிக்கொண்டதுபோல் ஆயிற்று. துடைக்குக் கீழே எல்லாம் வானத்துக்குச் சொந்தம். "அளவு சரியா இருக்கா?" என்றார் அம்மா. "கச்சிதமா இருக்கும்மா" என்றான் பையன். இரண்டு விரலை விரித்துக் காட்டிப் படமும் எடுத்தாயிற்று.

அடுத்தது பிக் தண்டர் மவுண்டன். 1987லிருந்து ஓடும் சுரங்க ரயில். வெயில் நாளில் வரிசையில் நின்றே பாதிப் பொழுது போய்விடும். பையன் முந்தின இரண்டு தடவையும் தப்பித்தது அந்த வரிசையின் புண்ணியத்தில்தான். "கூட்டம் அதிகம், பாட்டிக்குக் கால் வலிக்கும்" என்று பெருந்தன்மையாக விலகிக்கொள்வான். மழை அந்தப் பெருந்தன்மைக்கு வேட்டு வைத்துவிட்டது. டிஸ்னி பைத்தியங்கள் மழை நாளைத் தேடி வருவதன் சூட்சுமமே அதுதான்: தூறலிலும் ரயில் ஓடும், வரிசை இருக்காது. அம்மா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம்.

"பார்த்தியா, கூட்டமே இல்ல! நமக்கு அதிர்ஷ்டம்!"

போய் வந்தார்கள். வேகத்தில் வந்து அறையும் தூறலுக்கு ஊசி முனை இருக்கும் என்பதைப் பையன் தெரிந்துகொண்டான். கண்ணை மூடியிருந்ததால் மலையையோ குகையையோ பார்க்கவில்லை.

"எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்ததும்மா."

"அப்ப இன்னொரு தரம் ஏறலாமா?"

இந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் "வேண்டாம்" என்றிருப்பான். பரிமாற்ற மாணவர் அப்படிச் சொல்ல மாட்டார். "ஏறலாம்மா" என்றான். அவன் ஆசைப்படுகிறானே என்று அப்பாவும் கூடவே ஏறினார். அப்பாவுக்கும் வயிறு சரியில்லை. அவர் உற்சாகமாக இருக்கிறாரே என்று அம்மாவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமென்று மூன்றாவது தடவையும் போனார்கள்.

இறங்கியதும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வாளியில் பாப்கார்ன் வந்தது. ஒரு வண்டியில் கேரமல், ஒரு வண்டியில் கறிமசாலா என்று இந்தப் பூங்காவில் வாசனை பிடித்தே வழி கண்டுபிடிக்கலாம். அவனுக்கு வாய்த்தது கறிமசாலா. ஏற்கெனவே உள்ளே ஒரு சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருக்க, மூடியைத் திறந்ததும் மசாலா ஆவி முகத்தில் அடித்தது. நல்லதுமில்லை, கெட்டதுமில்லை என்று ஆரம்பித்தவன், மந்திரத்தின் மிச்சத்தை மறந்துவிட்டான். வாளியைச் சின்னப்பெண் கழுத்தில் மாட்டினான். "தங்கச்சிமேல எவ்வளவு பாசம்!" என்று பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் வழக்கமான விளக்கு ஊர்வலம் மழையால் ரத்து. அதற்குப் பதிலாக நைட்ஃபால் குளோ என்று மழை இரவுக்கென்றே ஒரு குட்டி ஊர்வலம் உண்டு. அதற்கென்றே வேண்டிக்கொண்டு காத்திருக்கும் ரசிகர்களும் உண்டு. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் குடையை மடக்கிவிட வேண்டும். ஆறடி இரண்டு அங்குலத்தை எப்படி மடக்குவது? பையன் ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். போஞ்சோ எட்டாத பகுதிகள் நன்றாகவே நனைந்தன. சின்னப்பெண் மட்டும் மின்னிக்கொண்டு போன ஒவ்வொரு வண்டிக்கும் கை வலிக்கக் கையாட்டினாள்.

அடுத்த வாரம் ரோட்டரி கூட்டம். மாதாமாதம் அங்கே எழுந்து நின்று, அந்த மாதம் செய்ததைச் சொல்லி, கைச்செலவுப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பையன் தடுமலோடு பேசினான். மழை ஒரு தொந்தரவாகவே இல்லை என்றான். சுரங்க ரயிலில் மூன்று தடவை ஏறியது வாழ்நாளில் மறக்காது என்றான். அந்த உரையில் இருந்த முழு உண்மை அது ஒன்றுதான். பெரியவர்கள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, இவ்வளவு ஆசையுள்ள பிள்ளையை டிஸ்னிலாந்தோடு அனுப்பிவிடுவது நியாயமில்லை என்றார். ஃபூஜி மலை அடிவாரத்து ஃபூஜி-கியூ ஹைலேண்டில் தாகாபிஷா என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது, 2011இல் திறந்தது, செங்குத்தையும் தாண்டி 121 டிகிரியில் உள்வாங்கிக் கீழே பாயும், வரும் ஞாயிற்றுக்கிழமை தன் காரிலேயே கூட்டிப்போவதாக அறிவித்தார். அன்றைக்கும் மழை பெய்யும் போலிருக்கிறது, வரிசையே இருக்காது, ஐந்தாறு தடவை ஏறலாம் என்று தைரியமும் சொன்னார்.

பையன் இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னான்.