குளிரில் வேலை பார்க்கும் கிருமி

ஒஸ்லோ குளிரில் மனிதர்களே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறோம். சாக்கடைக் கிருமி மட்டும் வேலை பார்க்குமா?

பார்க்கும், ஆனால் மெதுவாக. மீத்தேன் தரும் கிருமி குளிரில் பெருகுவதற்குள் தண்ணீர் அதை அடித்துப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் சவ்வு: நுண்துளை வழியே நீர் வெளியேறும், கிருமி தொட்டியிலேயே தங்கும். காற்று ஊத வேண்டாம் என்பதால் மின்சாரமும் மிச்சம். சவ்வு அடைத்துக்கொள்வதுதான் தீராத தலைவலி.

ஒஸ்லோவில் இந்தக் கிருமிக்கு இப்போது என்ன வேலை?

பாதாள வேலை! 1982 முதல் இயங்கும் வேயாஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் 40 கிலோமீட்டருக்கும் நீளமான பாறைச் சுரங்கத்தில் போகிறது. அங்கே நீரைச் சூடாக்குவதில்லை. பிரித்தெடுத்த சேற்றை மட்டும் காற்றில்லாத் தொட்டியில் சூடாக்கி எரிவாயு எடுக்கிறார்கள். பெக்கெலாகெட் என்ற இன்னொரு சுத்திகரிப்பு நிலையத்தின் எரிவாயுவில் நகரப் பேருந்துகளே ஓடியிருக்கின்றன. காலையில் நீங்கள் கழிவறையில் விட்டது, மாலையில் உங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கலாம்.

சேறு எதற்கு? குளிர்ந்த கழிவுநீரிலிருந்தே நேராக எரிவாயு எடுத்தால் லாபம்தானே?

எடுத்த வாயு எங்கே நிற்கும்? குளிர்ந்த சோடாவில் வாயு கரைந்திருப்பதுபோல, மீத்தேன் குளிர்நீரில் அதிகம் கரைந்துவிடும். அது நீரோடு வெளியேறிக் காற்றில் கலந்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். நைட்ரஜனும் நீரிலேயே தங்கிக் கடலுக்குப் போய் அதைக் கெடுக்கும். ஒஸ்லோ ஃபியோர்டில் கொட் மீன் பிடிக்க 2019 முதல் தடை. அந்தக் கடலுக்கு இன்னும் நைட்ரஜன் அனுப்பலாமா? இரண்டையும் மீட்கும் வழியோடு வரட்டும், நானே முதலில் கைதட்டுவேன்.