கையில் இருந்தது தண்ணி பாட்டில்

அம்மாவுக்கு,

அத்தை உன்கிட்ட கேட்டதை அண்ணி எனக்குச் சொல்லிட்டாங்க. "ஒயின் ஊருக்குப் போயிருக்கா, எல்லா போட்டோவிலும் கையில பாட்டில், காலுல செருப்பு இல்ல, பெத்தவ கேக்க மாட்டியா?" நீ கேக்கறதுக்குள்ள நானே வாக்குமூலம் எழுதிடறேன். அத்தையைப் பக்கத்துல உக்கார வச்சு உரக்கப் படி.

அது தண்ணி பாட்டில். அதுவும் காலி.

ஜெர்மனியில தண்ணிக்கு ஒரு காசு, பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தனியா 25 சென்ட் டெபாசிட். நம்ம கணக்குக்குக் கிட்டத்தட்ட இருபத்தஞ்சு ரூபா. 2003லேர்ந்து சட்டம். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட்ல ஒரு மெஷின் வாயில படுக்கப் போடணும். அது உருட்டி உருட்டிப் பார்க்கும். லேபிள் கிழிஞ்சிருந்தா வெளிய தள்ளிடும். நசுங்கியிருந்தாலும் தள்ளிடும். மனசு வந்தா ஒரு சீட்டு தரும், அதைக் கல்லாவுல குடுத்தா காசு. டாஸ்மாக்ல காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபான்னு சொன்னதுக்கே நம்ம ஆளுங்க அலுத்துக்கிட்டாங்க. இங்க கோட்டு போட்ட ஆபீசர் பை நிறைய காலி பாட்டிலோட வரிசையில நிக்கிறார்.

நான் அந்த ஒயின் ஊருக்குப் போனது ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு சூப்பர் மார்க்கெட்டைத் திறக்கக் கூடாதுன்னு இன்னொரு சட்டம். கூட வந்த யாழ்ப்பாணத்துப் பொண்ணு, "உந்தப் போத்தலைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில வச்சிட்டு வாங்கோ அக்கா, பொறுக்கிற ஆக்கள் எடுப்பினம்"ன்னா. இருபத்தஞ்சு ரூபாயை நடுத்தெருவுல வச்சிட்டு வர்றதா? நான் யார் வளர்த்த பொண்ணுன்னு அவளுக்குத் தெரியல. பையில வச்சா நசுங்கிடும். அதனால கோட்டை, கோயில், ஆத்துப் பாலம் எங்க நின்னாலும் கையிலயே வச்சிருந்தேன். இதுல கொடுமை என்னன்னா, கண்ணாடி ஒயின் பாட்டிலுக்கு இந்த டெபாசிட் கிடையாது. ஒயினைக் குடிச்சிருந்தா கையை வீசிக்கிட்டு வந்திருப்பேன், போட்டோவும் யோக்கியமா இருந்திருக்கும்.

ஊர் பேரு பெர்ன்காஸ்டல்-கூஸ். மோசல் ஆத்துக்கு இந்தக் கரை பெர்ன்காஸ்டல், அந்தக் கரை கூஸ். ரயில் கிடையாது, விட்லிஹ் ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிக்கணும். 1416ல கட்டின ஒரு வீடு இருக்கு, கீழ ஒடுங்கி மேல அகலமா. வண்டி போக வழி விட்டுக் கட்டினதாம். நம்ம தேரடித் தெருக் கடைங்க மாதிரி மாடி மட்டும் தெருவுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குது. அதைப் பார்க்க எங்கெங்கேயோ இருந்து வர்றாங்க.

அப்பாகிட்ட இதைச் சொல்லு. 1401ல கூஸ்ல ஒரு படகுக்காரருக்குப் பிறந்த நிக்கோலஸ், கார்டினல் ஆகி, கதியில்லாத வயசாளிங்க 33 பேருக்காக ஒரு இல்லம் ஏற்படுத்தினார். ஏசுநாதர் வாழ்ந்த வயசுக் கணக்காம். திராட்சைத் தோட்டங்களும் அந்தத் தருமத்துக்குச் சொத்து. ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்த ஒயின் வித்த காசு அந்த இல்லத்துக்குத்தான் போகுது. கோயில் நிலத்துக் குத்தகை பாக்கியைப் பத்தி அப்பா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரே, அவரைக் கூட்டிட்டு வந்து இங்க ஒரு நாள் உக்கார வைக்கணும்.

பெர்ன்காஸ்டலுக்கு முதுகுப் பக்கமே மலை. மலை பூரா திராட்சை, கொடிக்கு ஒரு கம்பு. தரையெல்லாம் ஸ்லேட் கல்லு. பகல்ல வாங்கின வெயிலை ராத்திரி கொடிக்குத் திருப்பிக் குடுக்குமாம், அதனாலதான் இந்தக் குளிர்லயும் ரீஸ்லிங் பழுக்குதுங்கிறாங்க. ஒரு தோட்டத்துக்குப் பேரே 'டாக்டர்'. படுத்த படுக்கையா கிடந்த ஆர்ச்பிஷப் அந்த ஒயினைக் குடிச்சு எழுந்தார்னு கதை. இந்த இடத்தை மட்டும் மனசுக்குள்ள படி, அத்தை சுகர் மாத்திரையை நிறுத்திடுவாங்க.

மேல 1692ல எரிஞ்சுபோன கோட்டை. பாதி வழியில செருப்பு வாரு அறுந்துடுச்சு. பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோட சுத்தினவளுக்கு இதெல்லாம் ஒரு மலையான்னு கழட்டிட்டு ஏறினேன். கல்லு சீவுதும்மா. எதிர்ல வந்த தாத்தா என் காலைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், ஏதாவது வேண்டுதலான்னு கேட்டார். ஆமான்னுட்டேன். வாரு அறுந்த கதையைச் சொல்ற அளவுக்கு என் ஜெர்மன் வளரல. பெஞ்சுல இருந்த ரெண்டு பாட்டிங்க கண்ணெடுக்கல. செங்கம் ரோட்டுல நானும் அண்ணனும் உக்காந்துக்கிட்டு, வெறுங்காலோட ரமணாசிரமத்துக்குப் போற வெள்ளைக்காரங்களைப் பார்ப்போமே, அதே பார்வை. இங்க நான்தான் வெள்ளைக்காரி.

மேலேர்ந்து ஆறு வளைஞ்சு போறது அழகுதான், இல்லேங்கல. ஆனா அந்த மலையைச் சுத்தி வர வழியில்ல, ஏறின வழியிலயே இறங்கணும். வழியில ஒரு லிங்கம் கிடையாது, சுக்குக் காப்பி கிடையாது, கால் வலிக்குதுன்னா "வேகமா நட"ன்னு அதட்ட ஆள் கிடையாது.

தீபத்துக்கு லீவு கேட்டிருக்கேன். மேனேஜர், மலை உச்சியில நெருப்பு ஏத்தறதைப் பார்க்கவா ரெண்டு வாரம்னு கேட்டார். ஆமான்னேன். யோசிக்கிறேன்னார். கிடைக்கலைன்னா நீ மாடியேறி வீடியோ போடு. தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கமா போய் நில்லு. போன வருஷம் நீ அனுப்பினதுல பக்கத்து லாட்ஜோட புது மாடிதான் முழுசா தெரிஞ்சது.

உன் பொண்ணு