பின்னால் நிற்கிறவர்

ரம்மி கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர் முதலில் செய்யவேண்டியது, முதுகு சுவரில் படும்படி உட்காருவது. சீட்டைப் பிரிப்பது, ஜோக்கரைச் சொருகுவது எல்லாம் அப்புறம். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், ரிசப்ஷன் சாப்பாடு முடிந்து ஜமக்காளம் விரித்தபோது எனக்குக் கிடைத்தது நட்டநடு இடம். பின்னால் நாலு பேர் தாராளமாக நிற்கலாம். நின்றார்கள்.

ஆட்டம் என்னவோ சுலபம்தான். கைக்கு 13 சீட்டு. இஸ்பேட் 5, 6, 7 மாதிரி ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் ஒன்று கட்டாயம் வேண்டும். அது சேராத கையில் மூன்று ஜோக்கர் இருந்தாலும் பிரயோஜனமில்லை. படத்துக்கும் ஆஸுக்கும் பத்துப் பத்து பாயின்ட். இதைக் கற்றுக்கொள்ள ஒரு காபி குடிக்கிற நேரம் போதும். 1967-ல் சுப்ரீம் கோர்ட்டே செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து, எதை வைப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்கவேண்டிய திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் ஒரு ஆட்சேபணை உண்டு. பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் பின்னால் நிற்கிற மாமா. அவர் ஆடமாட்டார். சபரிமலைக்கு மாலை போட்டபோது சீட்டைத் தொடுவதில்லை என்று விட்டவர். விரதம் கைக்குத்தான், நாக்குக்கு இல்லை. நான் ஆர்ட்டின் எட்டை இழுத்ததும் “ச்சு” என்றார். எதிரே இருந்த பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, எனக்கு மேலே ஓரடி உயரத்தில் மாமாவின் முகத்தைப் பார்த்தார். என் கை அங்கே சினிமா போஸ்டர் மாதிரி ஒட்டியிருந்தது. ஒற்றை “ச்சு” என்றால் உதவாத சீட்டு. இரட்டை “ச்சு” என்றால் கழித்திருக்கக் கூடாததைக் கழித்துவிட்டேன். மூக்கால் மூச்சை இழுத்து நிறுத்தினால் ஜோக்கர். ஜமக்காளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இந்த பாஷை அத்துப்படி, எனக்குத்தான் புதுசு.

“பெரிய சீட்டை முதல்ல தள்ளு மாப்ளே” என்பார். தள்ளினால், “ராஜாவை ஏன் போட்டே, ராணி வருமில்ல?” என்பார். நடுவில் ஒரு சுற்று நடந்து எல்லார் கையையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அடுத்தவன் கையைச் சொல்றது தப்பு” என்று தர்மம் பேசி, உடனே என் காதில், “கிளாவரை மட்டும் போடாதே” என்றார். போடவில்லை. கிளாவர் ராஜாவும் ஜாக்கியும் கடைசிவரை என்னோடேயே இருந்து 20 பாயின்ட் வாங்கித் தந்தார்கள்.

செல்போனில் ஆடலாமே என்பீர்கள். காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டத்தை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. சும்மா ஆடலாம். ஆனால் பஸ்ஸில் ஆடிப் பாருங்கள், பக்கத்து சீட்காரர் உங்கள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, “சார், அந்த ஏழு…” என்பார். விரலை நீட்டி அவரே தொட்டும் விடுவார்.

ஆட்சேபணைக்கு வருகிறேன். அன்று எனக்கு வந்த ஒரு கைதான் அது. 201 பாயின்ட் ஆட்டம். எனக்கு வந்த 13-ல் அடுத்தடுத்த எண் இரண்டு கிடையாது, ஜோக்கர் கிடையாது, படம் மட்டும் ஆறு. ஆடாமலே ஸ்கூட் விட்டால் 25-ஓடு போகும். சீட்டைக் கவிழ்க்கப் போனேன். மாமா குனிந்தார்.

“இதுக்குப் போய் ஸ்கூட்டா? தள்ளி உட்காரு, இந்த ஒரு கை நான் ஆடித் தர்றேன்.”

“மாலை போட்டப்ப விட்டதா சொன்னீங்களே மாமா?”

“அது எனக்காக ஆடினாத்தான். இது உனக்காக.”

மூன்றே சுற்றில் பெரியப்பா ஷோ காட்டிவிட்டார். மாமா 13 சீட்டையும் ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்து, “நல்லாத்தான் ஆடினேன், சீட்டு வரல” என்று சொல்லிவிட்டு, சுக்குக் காபி இருக்கிறதா என்று பார்க்கக் கீழே இறங்கிப் போனார். கணக்கு எழுதுகிற பையன் ஃபுல் 80-ஐ யார் பெயரில் எழுதுவது என்று கேட்கக்கூட இல்லை, என் பெயருக்கு நேரே எழுதி அடிக்கோடும் போட்டான்.