நெஞ்சில் நகைக்கடன், முதுகில் ஏழு

மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கிரிக்கெட் புதிதல்ல. கிரிக்கெட்டுக்காகக் காசை அவிழ்ப்பதுதான் புதிது. தயிர்சாத டப்பாவோடு சேப்பாக்கம் போய், ஐந்து நாள் வெயிலில் காய்ந்து, 1986-இல் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் டையில் முடிந்ததைப் பார்த்துவிட்டு, காலி டப்பாவோடு வீடு திரும்பியவர் என் அப்பா. ரசிகர் என்பதற்கு அத்தாட்சியாக அவர் கொண்டுவந்தது, பிடரியில் உரிந்திருந்த தோல் மட்டும்தான். 1999-இல் பாகிஸ்தான் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய சென்னைக் கூட்டத்தை உலகமே புகழ்ந்ததே, அதிலும் அவர் உண்டு. கைதட்டுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒரு ஆட்டக்காரரை வீட்டுக்குள் அழைத்துவர 'ஸ்போர்ட்ஸ்டார்' நடுப்பக்கத்தை விட்டால் வேறு வழியில்லை. பின்னை நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவி, பீரோவின் உள்கதவில் ஒட்டுவோம். வெளியே ஒட்டினால் காலண்டர் முருகனுக்குப் போட்டியாகிவிடும் என்பது பாட்டியின் சட்டம்.

அதே வீட்டில் இன்று ஆளுக்கொரு மஞ்சள் ஜெர்சி இருக்கிறது. எண்பதைத் தாண்டிய அத்தைக்கும் ஒன்று உண்டு. நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு மேட்ச் பார்ப்பார்.

ஆனால் 2008-இல் இதே அத்தைக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது. அப்போது சாந்தோம் நெடுஞ்சாலையில் ஆபீஸ் வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸ், 9.1 கோடி டாலர் கொடுத்து ஐ.பி.எல். போட்டிக்கான சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியது. அடுத்த மாதம் ஏலத்தில் தோனியை 15 லட்சம் டாலருக்கு, அன்றைய கணக்கில் ஆறு கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அந்த ஏலத்திலேயே பெரிய தொகை அதுதான். "ஏலம்னா மூழ்கிப்போன நகையைத்தானே விடுவாங்க, ஆளையுமா விடறாங்க?" என்றார் அத்தை. ராஞ்சிக்காரர் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: "ஏன், மாம்பலத்துல ஆடத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூடவா கிடைக்கல?" மேற்கு மாம்பலத்திலிருந்து அஸ்வின் வந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சில காலம் பிடித்தது. அதற்குள் அத்தையே ராஞ்சிக்காரரைச் சொந்தத்தில் சேர்த்துவிட்டிருந்தார்.

எங்கள் வீட்டு முதல் ஜெர்சி உஸ்மான் ரோடு பிளாட்பாரத்தில் வாங்கியது. தம்பி பையனுக்காக. தி. நகரில் குழந்தைக்குத் துணி எடுக்கும் எல்லா அம்மாக்களும் செய்வதை அவன் அம்மாவும் செய்தாள்: "வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெரிசாவே குடுங்க." சட்டை முழங்காலுக்கு வந்தது. அவன் அதற்குச் சரியாக வளர்ந்து நின்றபோது சென்னை இரண்டு கோப்பைகளை, 2010-இலும் 2011-இலும், வாங்கி முடித்திருந்தது.

அந்த ஜெர்சியின் நெஞ்சில் ஏர்செல். முதல் பல வருடங்கள் அதுதான். பிறகு 2015 ஜூலையில், சூதாட்ட விவகாரத்தில், லோதா கமிட்டி அணிக்கு இரண்டு வருடத் தடை விதித்தது. 2016, 2017 இரண்டு சீசனிலும் தோனி புனே அணிக்கு ஆடினார். சென்னையில் மஞ்சள் ஜெர்சிகளுக்கு வேலை போயிற்று. ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கினார்கள், ஸ்கூட்டர் துடைத்தார்கள், சில வீடுகளில் அது கரித்துணி வரைக்கும் இறங்கியது. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது என் தம்பி தன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றான்.

2018-இல் அணி திரும்பியது. ஏணியில் நின்ற சட்டையும் சுண்ணாம்புப் புள்ளிகளோடு திரும்பியது. காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம். மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று ஒரு ரயிலே புறப்பட்டது. சித்தப்பா பையன் அதில் இருந்தான். வாட்சன் சதம் அடித்ததை நேரில் பார்த்தான். அவன் போட்டிருந்ததும் பழைய ஏர்செல் ஜெர்சிதான். அந்தக் கம்பெனியோ அதே ஆண்டு தொடக்கத்தில் திவால் மனு கொடுத்திருந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்த கம்பெனியின் பெயரை மஞ்சள் சட்டையில் சுமந்துகொண்டு, ஓசியில், புனே வரை விளம்பரம் செய்துவிட்டு வந்திருக்கிறான். இப்படி ஒரு விசுவாசம் கடன்காரர்களுக்குக்கூட வராது.

ஏர்செல்லுக்குப் பிறகு நெஞ்சில் ஏறியவர்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் தோன்றும். 2018-இல் தங்க நகைக்கடன் கொடுக்கும் முத்தூட். 2021-இல் ஆன்லைனில் துணி விற்கும் மிந்த்ரா. 2022-இல் டிவிஎஸ் யூரோகிரிப் டயர். 2024-இல் எத்திஹாட் விமானம் வந்து சேர்ந்தது. இது அணியின் வரலாறு மட்டுமா? செல்போன் வாங்கி, நகையை அடகு வைத்து, நல்ல சட்டையாக நாலு எடுத்து, பைக்குக்கு டயர் மாற்றி, கடைசியில் அபுதாபி வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்த எந்த மந்தைவெளிக் குடும்பத்தின் வரலாறும் இதுதானே. என் அக்கா மகன் இந்த வரிசையில் ஒரு ஸ்டாப்பிங்கைக்கூடத் தவறவிடவில்லை. அவனிடம் பிறகு வருகிறேன்.

ஒரிஜினல் ஜெர்சிக்கும் பிளாட்பாரத்து ஜெர்சிக்கும் வித்தியாசம் விலையில் தெரியும், துணியில் தெரியும், எல்லாவற்றையும்விட நட்சத்திரத்தில் தெரியும். ஜெயித்த கோப்பை ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம் என்பது கணக்கு. தோளில் ராணுவ உடுப்பின் பச்சைத் திட்டுகளோடு 2021-இல் வந்த ஜெர்சியில் மூன்று இருந்தன. அந்த வருடமும் ஜெயித்தார்கள், 2023-லும் ஜெயித்தார்கள், ஐந்தாயிற்று. போன கோடையில் ரங்கநாதன் தெரு முனையில் ஒருவர் விற்ற ஜெர்சியில் ஆறு இருந்தது. எண்ணிக் காட்டினேன். அவர் அசரவே இல்லை. "அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துதான் சார் போட்டிருக்கு. இல்லேன்னா நீங்க மறுபடி வாங்கணும்ல?" 2025-இல் சென்னை முதல் தடவையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. அவர் நம்பிக்கைக்கு முன்னால் புள்ளிப்பட்டியல் எம்மாத்திரம்.

முதுகில் பெயர் போடுவது இன்னொரு சிக்கல். சித்தப்பா பையன் கூடுதல் பணம் கொடுத்து ஜடேஜா என்று அடித்து, கீழே எட்டு போட்டுக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2023 இறுதிப்போட்டி மழையில் ஒரு நாள் தள்ளி, அகமதாபாத்தில் நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்று வந்து நின்றபோது, ஒரு சிக்சும் ஒரு ஃபோரும் அடித்த மனிதர் அவர். அன்று சென்னையில் யாரைக் கேட்டாலும் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பார்கள், சட்டையில் எழுதுவதா பெரிது? 2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிவிட்டார்கள். பெயர் போட்ட ஜெர்சி, கல் வைத்த நகை மாதிரி. வாங்கும்போது கல்லுக்கும் சேர்த்துக் காசு, மாற்றப் போனால் அத்தனையும் சேதாரம்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிதான் நம் குணத்துக்கு ஒத்துவரும். 1929-லேயே முதுகில் எண் போட ஆரம்பித்தவர்கள். பேப் ரூத் மூன்றாவதாக மட்டை பிடிப்பார், அதனால் மூன்று. லூ கெரிக் நான்காவது, அதனால் நான்கு. ஆனால் இன்றுவரை சட்டையில் பெயர் போடுவதில்லை. ஆளைக் கழற்றிவிட்டாலும் சட்டை வீணாகாது. மயிலாப்பூர் மாமிகள் யாரோ உட்கார்ந்து போட்ட திட்டமோ என்று சந்தேகம் வரும். யாங்கீஸின் என்னும் ஒய்யும் பின்னிய தொப்பி ரங்கநாதன் தெருவில் மலிவாகக் கிடைக்கிறது. பேஸ்பாலை வாழ்நாளில் பார்த்தே இராத மனிதர்கள் மண்டை காயாமல் இருக்க வாங்கிப் போகிறார்கள். கெரிக்கின் நான்காம் எண்ணை 1939-இல் இனி யாருக்கும் கிடையாது என்று எடுத்து வைத்தார்கள். தோனியின் ஏழை நம் கிரிக்கெட் வாரியம் எடுத்து வைத்தது 2023-இல்.

ஏழு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது எங்கள் தெரு அயர்ன்காரர்தான். புங்கமரத்தடியில் வண்டி. கரிப்பெட்டி. வேட்டி, புடவை, யூனிபாரம் எதைக் கொடுத்தாலும் மடிப்பு கத்தி மாதிரி வரும் என்று அவருக்குப் பெயர். நான் என்னுடைய பிளாட்பார ஜெர்சியை மற்ற துணிகளோடு மூட்டையில் போட்டுவிட்டேன். அவர் தண்ணீர் தெளித்தார், பெட்டியை ஒரு தடவை உதறினார், முதுகுப்பக்கம் வைத்து அழுத்தினார். சொய்ங் என்று ஒரு சத்தம், ரப்பர் எரிகிற நாற்றம். பெட்டியைத் தூக்கினால் ஏழின் மேல்கோடு அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் அடுத்த துணிக்குப் போனார். அடுத்த துணி, எதிர்வீட்டு ரிடையர்டு ஆடிட்டர் கல்யாணத்துக்காகக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டை.

சாயங்காலம் என் ஜெர்சி ஒன்றாம் நம்பராக வீடு வந்தது. ஆடிட்டர் சட்டையில், பாக்கெட்டுக்கு மேலே, நீலத்தில் ஒரு கோடு. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். மனிதர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது தோனி நம்பர்ல இருந்து வந்ததா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இருக்கட்டும், விடுங்க சார்." கல்யாணத்துக்கு வேறு சட்டையில் போனார். அந்தச் சட்டை அடுத்த மேட்சுக்கு வந்தது.

விசிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாலாஜா ரோட்டில் மேட்ச் அன்று கொடி, தலைப்பட்டை, கன்னத்தில் மஞ்சள் பூச்சு எல்லாம் விற்கும். அதில் வீட்டுக்கு வந்து நிரந்தரமாகத் தங்குவது பிளாஸ்டிக் விசில்தான். எங்கள் அப்பார்ட்மெண்டில் மூன்றாவது மாடிப் பையன் பவுண்டரிக்கு ஒன்று, சிக்சுக்கு இரண்டு ஊதுவான். குக்கரை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று விசில் எண்ணும் அம்மாக்கள் எல்லோரும் பவர்பிளேயில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். பருப்பு வேகாமல் இருந்தால் சென்னைக்கு நல்ல ஸ்டார்ட் என்று அர்த்தம்.

ஜெர்சியே இல்லாத ஒரே ஆள் பெரியப்பா. மேட்ச் பார்க்க மாட்டார், கிரிக்கெட் என்றால் ரேடியோ கமெண்டரியோடு முடிந்தது என்பார். ஆனால் எந்தக் காலத்திலோ இந்தியா சிமென்ட்ஸ் பங்கு கொஞ்சம் வாங்கிப் போட்டிருந்தார். அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தபோது பங்குதாரர்களுக்கு அதன் பங்கும் கிடைத்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடாமலே அது கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆகக்கூடி, நாங்கள் காசு கொடுத்து ரசிகர்களானோம், அவர் தூங்கிக்கொண்டே முதலாளியாகிவிட்டார். 2023 கோப்பையை வெங்கட்நாராயணா ரோடு திருப்பதி தேவஸ்தானக் கோயிலில் வைத்துப் பூஜை செய்தார்களே, அதை டிவியில் பார்த்து, "நம்ம சாமான் பத்திரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா மகன் டல்லாஸில் இருக்கிறான். அவனைத் தேடிக்கொண்டு அணியே போய்விட்டது என்றுதான் அக்கா ஊரெல்லாம் சொல்கிறாள். டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ், 2023 ஜூலையில் அமெரிக்காவின் மேஜர் லீக் கிரிக்கெட் தொடங்கியபோது, டல்லாஸுக்குப் பக்கத்தில் கிராண்ட் பிரெய்ரியில் முதல் ஆட்டம் ஆடியது. அது முன்னால் பேஸ்பால் மைதானம். ஏர்ஹாக்ஸ் என்று ஒரு அணி ஆடிக்கொண்டிருந்தது. அந்த அணி பிறந்ததும் 2008-இல், லீக் கோப்பையை வாங்கியதும் நம் ஆட்கள் ஜெயித்த அதே 2011-இல். அதற்குமேல் ஜாதகம் ஒத்துப்போகவில்லை. 2020-க்குள் அந்த அணி ஓய்ந்துவிட்டது, மைதானத்தைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே ஜெர்சி டாலரில் விலை என்பதால் அக்கா இங்கிருந்தே அனுப்பினாள், சாம்பார் பொடிப் பாக்கெட்டுகளோடு ஒரே பார்சலில். வழியில் ஒரு பாக்கெட் வாய்பிளந்துவிட்டது. மஞ்சளில் கறை எது, துணி எது என்று யாராலும் சொல்ல முடியவில்லையாம். பதிலுக்கு அவன் என் அப்பாவுக்கு ஏர்ஹாக்ஸின் பழைய தொப்பி ஒன்று அனுப்பினான். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் டெக்சாஸ்காரர் கொடுத்ததாம்.

அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நடக்கப் போகிறார். போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் தொப்பியை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன டீம்? கேள்விப்பட்டதே இல்லையே" என்றார்.

"அமெரிக்காவுல சூப்பர் கிங்ஸுக்கு முன்னாடி அந்த இடத்துல குடியிருந்தவங்க."

"காலி பண்ணும்போது வெள்ளையடிச்சுக் குடுத்தாங்களா?"

"எங்க குடுத்தாங்க? நாமதான் போய் மஞ்சள் அடிச்சுக்க வேண்டியதாப் போச்சு" என்றார் அப்பா.