‘ரத்து’ எந்தப் பக்கம்?

போன செவ்வாய்க்கிழமை, மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு அனுப்புகிற அண்ணாச்சி ஒருவர் என் கடைக்கு வந்தார். வெங்காயம், உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஜல்லி. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். என் தோளுக்கு மேலாக எட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைக் கணக்கைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். காபியைக் குடித்து முடித்துத் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏம் தம்பி, இது டூப்ளிகேட்டா?”

“எது அண்ணாச்சி?”

“இந்த டைப் அடிக்கிற சாமான். பட்டனெல்லாம் ஒரு தினுசா இருக்கே. எங்க ஆபீஸ்ல இருக்கது இப்படி இருக்காது பாத்துக்கிடுங்க. அது ஒரிஜினல்.”

அவர் ஆபீஸில் ஓடும் ‘ஒரிஜினலை’ நான் பார்த்திருக்கிறேன். உரிமம் செல்லாது என்று அதன் தலைப்பட்டை சிவந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தச் சிவப்பைக் கம்பெனி முத்திரை என்றே அங்கே நம்புகிறார்கள்.

என்னுடையது லிப்ரே ஆபீஸ். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் வந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், நகல் எடுக்கலாம், உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம். காசு கொடுக்காமல் வாங்கினேன் என்பது உண்மை. திருடவில்லை என்பது அதைவிட உண்மை. ஆனால் இது முத்துக்குளித்துறை. எதை நீட்டினாலும் பல்லில் தேய்த்துப் பார்க்கிற ஊர். நல்ல முத்து நறநறக்கும், போலி வழுக்கும். அண்ணாச்சி என் செயலியைக் கண்ணாலேயே தேய்த்துப் பார்த்துவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றால் எனக்குக் கோபம் வந்திருக்காது. விண்டோஸ் என்கிற வீட்டில் என் செயலி, வேட்டி கட்டத் தெரியாத மாப்பிள்ளை மாதிரிதான் உட்கார்ந்திருந்தது. அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இதில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஐகான்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ஐகானை மாற்றிவிட்டுப் படுக்கலாம் என்றுதான் நாம் எல்லோருமே உட்காருகிறோம். லிப்ரே ஆபீஸில் ஐகான் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை: கோலிப்ரே, ப்ரீஸ், சிஃப்ர், கராசா ஜாகா, சுகாபுரா. கடைசிப் பெயரைப் பார்த்ததும் திருச்செந்தூர் போகிற வழியில் இறங்க வேண்டிய ஊரோ என்று ஒரு கணம் தோன்றியது. இந்தோனேசியாப் பெயர், மேக் கணினிக்குப் பொருந்துகிற படங்கள். விண்டோஸுக்குக் கோலிப்ரே. அதைப் போட்டேன். படங்கள் ஊரோடு ஒட்டின, எழுத்து ஒட்டவில்லை. எழுத்துருவை மாற்றினேன். நானே தேடிப் பொறுக்கிய எழுத்துரு. மெனுவில் ‘நுழை’யின் உகரக் கொக்கி கீழ்க் கோட்டில் வெட்டுப்பட்டு ‘நழை’ ஆகிவிட்டது. ஆங்கில எழுத்துக்கு அளந்து தைத்த சட்டையில் தமிழுக்கு எப்போதும் கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மணி ஒன்று.

மணி ஒன்றுக்குத்தான் ‘சரி’, ‘ரத்து’ என் கண்ணில் பட்டன.

விண்டோஸில் ‘சரி’ முதலில், ‘ரத்து’ அடுத்து. மேக்கில் ‘ரத்து’ முதலில், ‘சரி’ வலது ஓரத்தில். லினக்ஸில்? லினக்ஸ் கூட்டுக்குடும்பம்; ஆளுக்கொரு அடுப்பு. க்னோம் தன் இரண்டாம் பதிப்போடு 2002இல் மேக் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. கேடிஈ விண்டோஸ் வரிசையை விடவில்லை. இரண்டு கட்சிக்கும் வாதம் கைவசம் உண்டு. இடமிருந்து வலம் படிக்கிறோம், நல்ல வார்த்தை முதலில் வரட்டுமே என்கிறது ஒரு கட்சி. படித்து முடித்த கண் வந்து நிற்கிற மூலையில்தானே முடிவு இருக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டையும் கேட்டால் இரண்டும் சரி. அதாவது, இரண்டும் ரத்து.

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மணவறையில் பெண் வலப்பக்கம் உட்கார வேண்டுமா, இடப்பக்கமா என்று கிளம்பிவிட்டது. ஐயர் ஒன்று சொன்னார். தாலி கட்டுகிற வரைக்கும் வலம், கட்டின பிறகு இடம் என்று பெரிய மாமா ஒரு சமரசத் தீர்மானம் கொண்டுவந்தார். போட்டோக்காரர், வெளிச்சம் எந்தப் பக்கமோ பெண் அந்தப் பக்கம் என்றார். பெண் எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, கடைசியில் நின்றுகொண்டே இருந்தது. க்யூடி என்று ஒரு பொத்தான் பட்டறை இருக்கிறதே, அதைக் கட்டியவர்கள் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்க வேண்டும். 2006இல் வந்த 4.2 பதிப்பில் இதற்கென்றே ஒரு வகுப்பு எழுதிச் சேர்த்தார்கள். நிரல் எழுதுகிறவர் “எனக்கு ஒரு சரி, ஒரு ரத்து” என்று மட்டும் கேட்டால் போதும். இது எந்த வீட்டுக் கல்யாணம் என்று பார்த்து அதுவே பெண்ணை உட்கார வைத்துவிடும். விண்டோஸ் முறை, மேக் முறை, கேடிஈ முறை, க்னோம் முறை என நாலு சம்பிரதாயமும் அதற்குத் தெரியும். ஐயர், பெரிய மாமா, போட்டோக்காரர் மூவரும் ஒரே பெட்டிக்குள்.

போட்டிப் பட்டறை ஜிடிகே. ஜிம்ப் என்கிற படச் செயலிக்குப் பொத்தான் செய்து கொடுக்கப் பிறந்து, பிறகு ஊருக்கே செய்து கொடுக்க ஆரம்பித்தது. அவர்களும் விண்டோஸுக்குப் போனால் வரிசையைத் திருப்பிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். இதெல்லாம் நல்ல புத்தி இருந்த காலம். பிறகு அவர்கள் பெட்டியில் ‘ரத்து’ இடது மேல் மூலைக்கும் ‘திற’ வலது மேல் மூலைக்கும் போனது. ஒன்று பழைய ஹார்பர், இன்னொன்று புது ஹார்பர். நடுவில் மினி பஸ் பிடிக்க வேண்டும். அதே பெட்டியில், கோப்பைத் திறக்கும்போது படங்களைச் சிறு உருவாக வரிசையில் காட்டுங்கள் என்று ஒருவர் 2004இல் விண்ணப்பம் போட்டார். 2023இல் கிடைத்தது. பட்டா மாறுதலுக்கு அலைகிறவர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம்.

சன்னலை மூடுகிற பொத்தான் கதை தனி. உபுண்டு 2010இல் அதை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தூக்கி வைத்தது. உலகம் கத்தியது. ஏழு வருஷம் கழித்து, எங்கள் கழுத்து இடது பக்கமாகவே திரும்பிப் பழகிய பிறகு, 2017இல் மறுபடி வலப்பக்கம் வைத்தது. யாரும் கத்தவில்லை. களைப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் எனக்கு விண்டோஸ், வீட்டில் லினக்ஸ். விண்டோஸில் கோப்பை மூடப் போனால் இடது ஓரத்தில் ‘சேமி’. வீட்டில் அதே இடத்தில் ‘சேமிக்காதே’. இரண்டும் அவரவர் ஊர் வழக்கப்படி சரியாகவே உட்கார்ந்திருக்கின்றன; யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கை மட்டும் என்னுடையது. போன மாசம் ஒரு ராத்திரி 42 கன்டெய்னர் நம்பர் அடித்தேன். ஒவ்வொன்றிலும் நாலு எழுத்து, ஏழு இலக்கம். முன்னால் இருப்பதெல்லாம் பிழையில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கவே அந்தக் கடைசி இலக்கம். 42ஐயும் சோதித்து முடித்து, நிம்மதியாக மூடி, இடது ஓரத்தில் ஓர் அமுக்கு. சோதிக்கிற இலக்கம் எனக்கு யாரும் வைக்கவில்லை.

அந்த ஞாபகத்தில்தான் செவ்வாய் ராத்திரி வீட்டு மடிக்கணினியையும் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, இரண்டிலும் ‘ரத்து’ ஒரே பக்கம் வரச் செய்துவிடுவது என்று இறங்கினேன். மூன்று மணிக்கு என் மனைவி எழுந்து வந்தாள்.

“இன்னும் என்ன செய்யுதீய?”

இதுவரை உங்களிடம் சொன்னதை எல்லாம் அவளிடமும் சொன்னேன். க்னோம், கேடிஈ, பெரிய மாமா உட்பட. கொட்டாவியோடு முழுக்கக் கேட்டாள்.

“அதுலதான் எழுதியிருக்குல்லா. படிச்சிட்டு அமுக்க வேண்டியதுதான?”

இதற்குக் க்யூடியில் வகுப்பு கிடையாது.

அவள் போய்ப் படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் ஊர்க் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல். அதற்குப் பிறகு, 1973இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். சிப்பியை லேசாகத் திறந்து, ஓட்டில் கடைந்த ஒரு மணியையும், இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள். பக்குவமாக வைத்தால் சிப்பி அந்த அந்நிய மணியின் மேல் தன் சொந்தப் பூச்சைப் பூசிப் பூசித் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பக்குவம் தவறினால் துப்பிவிடும். வெளியூர்ச் செயலியை உள்ளூர்க் கணினியில் பொருத்துகிறவர் செய்வதும் இந்த வேலைதான், சம்பளம் மட்டும் இல்லை. ஆனால் எந்தச் சிப்பியும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பூச்சின் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் நீலப் பட்டை கட்டி வந்தது. நம் ஆள் தன் செயலிக்கும் நீலம் அடித்து முடிக்கிற நேரத்தில் விஸ்டா கண்ணாடி போட்டுக்கொண்டது. கண்ணாடியைத் துடைத்து முடித்தால், 2012இல் எட்டாம் விண்டோஸ், எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கியது. தட்டையாக்கி நிமிர்ந்தால் 2021இல் பதினொன்று, மூலையெல்லாம் வழவழவென்று உருட்டிவிட்டது.

அந்த வீடாவது ஒரே மாதிரி இருக்கிறதா? பதினொன்றிலேயே ஓடிபிசி தரவு இணைப்பு வைக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அக்சஸ் கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பெட்டி வரும். சாம்பல் நிறம், மஞ்சள் கோப்புறை, கீழே ‘டிரைவ்’ பட்டியல். 1992இல் வந்த 3.1 விண்டோஸின் பெட்டி. கண்ணாடி மாளிகைப் பின்கட்டில் அம்மி கிடக்கிற மாதிரி முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கேயே கிடக்கிறது. அதைப் பார்த்து எந்த அண்ணாச்சியும் டூப்ளிகேட்டா என்று கேட்பதில்லை. என் செயலி எந்த ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்கிறீர்கள்? முன் வாசலோடா, பின்கட்டோடா?

ஃபயர்பாக்ஸ்காரர்கள் 2008இல், மூன்றாம் பதிப்பில், விண்டோஸுக்கு ஒரு முகம், மேக்குக்கு ஒரு முகம், லினக்ஸுக்கு ஒரு முகம் என்று தனித்தனியாகச் செதுக்கினார்கள். 2014இல் அலுத்துப்போய் எல்லா ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம் என்று முடித்துக்கொண்டார்கள். க்னோம் நிரலாளர்கள் சிலர் 2019இல், எங்கள் செயலிக்கு உங்கள் இஷ்டத்துக்கு வேஷம் கட்டாதீர்கள் என்று விநியோகிப்பாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே போட்டார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் அவர்கள் கடைக்கு இந்த அண்ணாச்சி வருவதில்லை.

பொருந்திப் போவது எப்படி என்று எங்கள் ஊர் மக்ரூனைக் கேட்க வேண்டும். போர்த்துக்கீசியர் விட்டுப்போனது என்பார்கள். வந்த இடத்தில் பாதாமை விட்டது, முந்திரியைப் பிடித்தது, முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் வைத்துக்கொண்டு கூம்பாக எழுந்து நின்றது. இன்று வெளியூர்க்காரன் தூத்துக்குடியில் முதலில் கேட்பது அதைத்தான். அதே போர்த்துக்கீசியர் காலத்துப் பாதிரியார் ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டபோது, அதற்கு அயல்மொழித் தலைப்பை மட்டும் வைத்து விட்டுவிடவில்லை. ‘தம்பிரான் வணக்கம்’ என்று தமிழிலும் வைத்தார். அவருக்குச் ‘சரி’, ‘ரத்து’ தொந்தரவு இல்லை. அச்சில் ஏறினால் ஏறியதுதான்.

நாலு ராத்திரி ஆயிற்று. ஐகான், எழுத்துரு, பட்டை நிறம், இடைவெளி எல்லாம் விண்டோஸோடு விண்டோஸாக ஒட்டிவிட்டன. ‘நுழை’க்குக் கொக்கி திரும்பி வந்துவிட்டது. வீட்டில் ‘ரத்து’ இன்னும் இடப்பக்கம்தான். அதை விட்டுவிட்டேன்.

நேற்று அண்ணாச்சி மறுபடி வந்தார். அதே நாற்காலி, அதே எட்டிப்பார்வை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“இப்பத்தான் தம்பி நல்லாருக்கு. ஒரிஜினல் வாங்கிட்டீங்க போலயே. எவ்வளவு ஆச்சு?”

“நாலு ராத்திரி ஆச்சு அண்ணாச்சி.”

நாலாயிரம் என்று காதில் விழுந்திருக்க வேண்டும். வாசலை ஒரு பார்வை பார்த்தார். கையிலிருந்த மக்ரூன் பொட்டலத்தை மேசைமேல் வைத்து என் பக்கமாக மெல்லத் தள்ளினார். அதன் அடியிலிருந்து ஒரு பென் டிரைவ் எட்டிப்பார்த்தது.

“நமக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்களேன். வெளிய சொல்ல மாட்டேன்.”

நானும் வாசலைப் பார்த்தேன். யாருமில்லை. பொட்டலத்தை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டு, பென் டிரைவைச் செருகினேன்.