மார்லோ கழுதையில் ஒரு பயணம்

லண்டன் இரைச்சல் போதும் என்று மருமகள்தான் எங்களைக் குக்கம் கிராமத்துக்கு அனுப்பிவைத்தாள். தேம்ஸ் நதிக்கரை, பெர்க்‌ஷயர் மாவட்டம். மெய்டன்ஹெட்டில் ரயில் மாற வேண்டும். அந்தக் கிளைப்பாதை ரயிலுக்கு ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘மார்லோ கழுதை’. நல்ல கழுதை, உதைக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டதோ என்று சந்தேகம் வந்தது. ஹாரன் இல்லை, மைக்செட் இல்லை. நாய்கூட எசமானைக் கேட்டுவிட்டுத்தான் குரைக்கும்போல.

“ஏங்க, இங்க யாரும் தவறிட்டாங்களா?” என்று மனைவி கிசுகிசுத்தாள்.

இழவு வீட்டில்தானே நம் ஊரில் சத்தம் அதிகம் என்று நானும் கிசுகிசுத்தேன்.

ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் 1891இல் பிறந்தது இங்கேதான். லண்டனில் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் படித்தபோதும் தினமும் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவார். கூடப் படித்தவர்கள் அவருக்குக் ‘குக்கம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் பெயிண்ட், பிரஷ் எல்லாவற்றையும் குழந்தை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஊர் முழுக்க அலைந்திருக்கிறார். வேலையில் இருக்கிறேன், தயவுசெய்து கவனத்தைக் கலைக்காதீர்கள் என்று பலகை வேறு மாட்டிக்கொள்வாராம். இந்த ஊரில் கலைப்பதற்கு யார் இருந்தார்களோ!

இங்குள்ள தேவாலயக் கல்லறையிலிருந்து இறந்தவர்கள் எழுந்து வருவதாக, 1924 முதல் 1927 வரை உட்கார்ந்து 18 அடி அகலத்தில் ஒரு படம் வரைந்தார். அசல் இப்போது லண்டன் டேட் காட்சியகத்துக்குச் சொந்தம். உயிர்த்தெழும் நாள் என்றால் எவ்வளவு அமளி இருக்க வேண்டும்? இவர்களோ மதியத் தூக்கம் கலைந்தவர்கள் மாதிரி ஆற அமர எழுகிறார்கள். ஒரு மூலையில், சொர்க்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் உல்லாசப் படகு தேம்ஸில் தெரிகிறது. யாரும் முண்டியடிக்கவில்லை. ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடவில்லை.

அமைதிக்குக் கட்டுப்படாதது அன்னம் மட்டுமே. ஆண்டுதோறும் ஜூலையில் அரச ஊழியர்கள் சிவப்புச் சட்டையோடு படகில் வந்து குஞ்சுகளைப் பிடித்து, எடை போட்டு, அளந்து கணக்கெடுக்கிறார்கள். மன்னரைத் தவிர, லண்டனின் இரண்டு பழைய வணிகச் சங்கங்களுக்கும் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே இவற்றில் பங்குண்டு. நாங்கள் போனது ஆகஸ்டில். அளவெடுத்த கடுப்பு அடங்கியிருக்கவில்லை.

நளனுக்குத் தூது போன பறவையாயிற்றே என்று மனைவி ஆசையாகக் குனிந்தாள். அது கழுத்தை நீட்டிச் சீறியது. “சீ, போ அங்கிட்டு!” என்று அவள் போட்ட சத்தம் அக்கரை வரை கேட்டிருக்கும்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். மடக்கு நாற்காலியைத் தூக்கிப் பத்தடி தள்ளிப் போட்டார். உட்காருமுன் எங்களைப் பார்த்து, “சாரி” என்றார்.